வாசிப்பு எந்த இடத்தில் அறுகிறது? டிஸ்லெக்ஸியா ஆசிரியரும் மதிப்பீட்டாளரும் செய்யும் வேலை

தரம் 3 படிக்கும் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடத்தைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிக்கிறது. அதே பாடத்தில் வருகிற "மாடு" என்ற சொல்லை வெள்ளைத் தாளொன்றில் தனியே எழுதி நீட்டுங்கள். பிள்ளை தாளைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கும். வகுப்பில் இருபது தடவை கேட்ட பாடத்தை அது காதால் மனனம் செய்திருக்கிறது. கண் எழுத்தின் மேல் ஓடியதே தவிர எழுத்தைப் பிடிக்கவில்லை. வீட்டில் "நல்லாத்தானே வாசிக்கிறான், சோதனையில்தான் கோட்டை விடுகிறான்" என்று சொல்லும் பல பிள்ளைகளின் கதை இதுதான்.

வாசிப்பு ஒரு சங்கிலி. எழுத்தை அடையாளம் காண வேண்டும், அதற்குரிய ஒலியை எடுக்க வேண்டும், ஒலிகளைக் கோர்க்க வேண்டும், கோர்த்ததை ஏற்கெனவே காதால் தெரிந்த ஒரு சொல்லோடு பொருத்த வேண்டும். அதன் பிறகுதான் பொருள். டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பு இடர்ப்பாடு, உள்ள பிள்ளையிடம் பெரும்பாலும் ஒலியோடு தொடர்பான கண்ணிகளே பலவீனமாக இருக்கும். அறிவுக் கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. மதிப்பீட்டாளரின் வேலை எந்தக் கண்ணி அறுகிறது என்று கண்டுபிடிப்பது. பெயர் சூட்டுவது அதற்குப் பிறகு வரும் சின்ன வேலை.

டிஸ்லெக்ஸியா என்ற சொல்லை 1880களில் உருவாக்கியவர் ருடோல்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர். 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. அன்று இதற்கு வைத்த பெயர் சொற்குருடு. கண்ணின் கோளாறு என்ற அந்த எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதனால்தான் நிறக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டிஸ்லெக்ஸியாவுக்கு நிறக் கண்ணாடி உதவும் என்பதற்கு நல்ல சான்று இல்லை.

பிரித்தானியாவில் டிஸ்லெக்ஸியாவை மதிப்பிட்டுக் கற்பிப்பது தனித் தொழில். முதுகலை மட்டத்துப் பயிற்சி முடித்த சிறப்பு ஆசிரியர், 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய மதிப்பீட்டுச் சான்றிதழோடு வேலை செய்கிறார். திருகோணமலையில் அப்படி ஒரு பதவிப் பலகையைத் தேடினால் கிடைக்காது. விசேட கல்வி ஆசிரியர், வலயக் கல்வி அலுவலகத்து ஆலோசகர், மாவட்டப் பொது வைத்தியசாலை மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர் என்று அந்த வேலை பலர் கையில் சிதறிக் கிடக்கிறது. ஆனாலும் யார் செய்தாலும் படிகள் ஒன்றுதான்.

சோதனைத் தாளை எடுக்கும் முன்

முதலில் காதும் கண்ணும். அடிக்கடி காதில் சீழ் வடிந்த பிள்ளைக்கு "பல்", "பால்" இரண்டுக்கும் உள்ள வேறுபாடே மங்கலாகக் கேட்டிருக்கலாம். செவிப்புலனைப் பார்க்காமல் ஒலிச் சோதனை வைப்பது நேர விரயம். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு வேண்டியது மூக்குக் கண்ணாடி.

அடுத்தது வரவுப் பதிவேடு. பருவத்துக்குப் பருவம் வாடி (கரையோரத் தற்காலிகக் குடியிருப்பு) மாற்றும் மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒரு தவணை முழுக்கப் பாடசாலைக்கு வராமல் இருந்திருக்கலாம். கற்பிக்கப்படாததைத் தெரியவில்லை என்பது இடர்ப்பாடு ஆகாது. பிறகு குடும்பம்: தாய், தகப்பன், மாமன், சித்தி யாருக்காவது வாசிப்புக் கஷ்டம் இருந்ததா என்று கேட்க வேண்டும். டிஸ்லெக்ஸியா குடும்ப வழியாக வரும். நேரே கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "கடிதம் எழுதுவது வீட்டில் யார்? பத்திரிகை பார்ப்பது யார்?" என்று கேட்டால் பதில் தானாக வரும்.

மொழியும் இங்கே ஒரு கேள்வி. திருகோணமலை நகரில் தமிழும் சிங்களமும் ஒரே தெருவில் கேட்கும். வீட்டில் ஒரு மொழி, பாடசாலையில் இன்னொரு மொழி என்று வளரும் பிள்ளைகள் உண்டு. இரண்டாம் மொழியில் மட்டும் திணறினால் அந்த மொழிப் பழக்கம் போதவில்லை என்று முதலில் எண்ண வேண்டும். ஒலியைக் கையாளும் திறனில் சிக்கல் இருந்தால் அது இரண்டு எழுத்து முறையிலும் ஏதோ வடிவில் தலை காட்டும்.

மேசைக்கு வந்தபின்

முழு மதிப்பீட்டுக்கு இரண்டரை முதல் 3 மணி நேரம் பிடிக்கும். சின்னப் பிள்ளைக்கு இரண்டு காலைகளாகப் பிரிப்பது நல்லது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் 8 மணிக்கே தொடங்கிவிட வேண்டும். 11 மணிக்கு மேல் அளக்கப்படுவது பிள்ளையின் வாசிப்பா, வெக்கையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மின்விசிறி இரைச்சல் இல்லாத மூலை வேண்டும். அம்மா அறைக்கு வெளியே இருக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளை தயங்கும்போது அம்மாவின் உதடு தானாக அசையும்.

ஒலி உணர்வுச் சோதனை முழுக்க வாய்மொழி, கண்ணில் எழுத்தே படக் கூடாது. "தாமரையில் 'தா' இல்லாமல் சொல்லு" என்றால் "மரை" வர வேண்டும். இது அசை மட்டம், தரம் 1 பிள்ளைகளில் பலருக்கு முடியும். "மாடு என்ற சொல்லில் முதல் ஒலியாகிய 'ம்' போனால்?" என்பது ஒலி மட்டம். விடை "ஆடு". காதுக்கு இது லேசு என்று பெரியவர்கள் நினைப்பார்கள். எழுத்தில் பார்த்தால் மாவுக்கும் ஆவுக்கும் உருவத்தில் ஒட்டுமில்லை உறவுமில்லை. தமிழ் எழுத்து மெய்யையும் உயிரையும் ஒட்டிப் பிசைந்து ஒரே உருவாகத் தருவதால், ஒலி மட்ட உணர்வு தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வரும். தரம் 1 பிள்ளை இதில் தடுமாறினால் பயப்பட ஒன்றுமில்லை. தரம் 4இலும் அசை மட்டத்திலேயே தடுமாறினால் குறித்துக்கொள்ள வேண்டும்.

விரைவாகப் பெயர் சொல்லும் சோதனையில் மீன், குடை, பூ, பானை, கல் என்ற 5 படங்களை மாற்றி மாற்றி 50 கட்டங்களில் வைத்து, எத்தனை விநாடியில் சொல்லி முடிக்கிறது என்று பார்ப்பார்கள். பிள்ளைக்குப் பெயர் தெரியுமா என்பது இங்கே கேள்வி அல்ல. தெரிந்த பெயர் நாக்குக்கு வரும் வேகமே அளக்கப்படுகிறது. வாசிப்பு வேகத்தோடு இது நெருங்கிய தொடர்புடையது.

நினைவுச் சோதனையில் விநாடிக்கு ஓர் எண்ணாகச் சொல்லித் திருப்பிக் கேட்பார்கள், பிறகு பின்னிருந்து முன்னாக. இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீளமான சொற்கள் நினைவில் குறைவாகவே தங்கும். ஆங்கில எண்களில் பெரும்பாலானவை ஓரசை. "ஒன்பது" என்று சொல்லவே நேரம் கூட. ஆகவே ஆங்கிலப் பிள்ளைகளை வைத்து ஆக்கிய அட்டவணையில் தமிழ்ப் பிள்ளையின் எண்ணிக்கையைப் போட்டுப் பார்ப்பது பிழை. மற்றச் சோதனைகளுக்கும் இதே விதிதான். தரப்படுத்திய சோதனைகளில் பெரும்பாலும் சராசரி 100, நியம விலகல் (சராசரியைச் சுற்றிப் புள்ளிகள் பரவியிருக்கும் அளவு) 15. ஒரு பிள்ளை 85 பெற்றால், அதே வயதுப் பிள்ளைகள் 100 பேரில் ஏறத்தாழ 16 பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள் என்று பொருள். எந்தப் பிள்ளைகளை வைத்து அந்த அட்டவணை ஆக்கப்பட்டதோ அந்தப் பிள்ளைகளுக்கே அது செல்லும். ஆங்கிலச் சோதனையைத் தமிழில் பெயர்த்துவிட்டு 85 என்று அறிக்கையில் எழுதுகிறவரை நம்ப வேண்டாம். அதைவிட, அதே வகுப்பில் சராசரியாகப் படிக்கும் 15, 20 பிள்ளைகளுக்கும் அதே பட்டியலைக் கொடுத்து ஒப்பிடுவது நேர்மையான வழி.

கடைசியாக வாசிப்பு: தனிச் சொற்கள், பொருளில்லாத போலிச் சொற்கள், ஒரு பந்தி. போலிச் சொல் எதற்கென்றால், அதை மனனம் செய்திருக்க வழியே இல்லை. "தமுகி", "கேமிடு", "நாசுவை" போன்றவற்றை ஒலியைக் கோர்த்துத்தான் வாசிக்க முடியும். போலிச் சொல் ஆக்குவதற்கும் இலக்கணம் வேண்டும். தமிழ்ச் சொல் ட, ண, ள, ற, ன என்ற எழுத்துகளில் தொடங்காது. "டகமி" என்று கொடுத்துவிட்டுப் பிள்ளை தடுமாறியது என்று எழுதினால், குற்றம் கேள்வி ஆக்கியவருடையது.

பிழைகளை வாசிப்பது

சொல்வதெழுதுதல் கொப்பியில் சிவப்புப் பேனாவால் 20க்கு 6 என்று போடுவது எவருக்கும் முடியும். மதிப்பீட்டாளர் அந்த 14 பிழைகளையும் வகை பிரிப்பார். தமிழில் இந்தப் பிரிப்பு தனிக் கலை. ஆங்கிலப் புத்தகங்கள் இதற்கு உதவா.

"பழம்" என்பதைப் "பளம்" என்றும் "வாழை" என்பதை "வாளை" என்றும் எழுதும் பிள்ளை தான் கேட்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறது. நம் பேச்சில் பலர் ழகரத்தை ளகரமாகத்தான் சொல்கிறோம். ர, ற குழப்பமும் அப்படியே. "போகிறேன்" என்பதைப் "போறன்" என்று எழுதினால் இன்னும் நல்ல செய்தி: பேச்சொலியை எழுத்தாக மாற்றும் இயந்திரம் ஓடுகிறது, எழுத்து வழக்குத்தான் பழகவில்லை. இந்தப் பிழைகள் வகுப்பு முழுவதிலும் இருக்கும். இவற்றை எண்ணி டிஸ்லெக்ஸியா என்று முடிவு கட்டினால் பாதி மாவட்டத்துக்கே முத்திரை குத்த வேண்டி வரும்.

கவலைப்பட வேண்டியவை வேறு. "வந்தான்" என்பது "வதான்" ஆகும், "பள்ளி" என்பது "பளி" ஆகும். ஒலித்தொடரில் ஒரு துண்டு காணாமல் போகிறது. "பூனை" "புனை"யாகவும் "மேசை" "மெசை"யாகவும் மாறும். குறில் நெடில் வேறுபாடு காதில் பிடிபடவில்லை, அல்லது பிடிபட்டும் குறியீட்டோடு ஒட்டவில்லை. எதுவென்று அறிய, எழுதாமல் வாயால் கேட்க வேண்டும்: "கல், கால் இரண்டும் ஒன்றா வேறா?" வேறு என்று சொல்லும் பிள்ளைக்குக் காதில் குறையில்லை, அறுந்திருப்பது குறியீட்டுக் கண்ணி. ஒன்று என்று சொல்லும் பிள்ளைக்குக் கால் குறியை எத்தனை முறை எழுதக் கொடுத்தும் பயனில்லை, காதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே பிழை, இரண்டு மருந்து.

"கொக்கு" என்பது "கெக்கு" ஆவது இன்னொரு வகை. நாம் முதலில் சொல்வது "க்", பிறகு "ஒ". எழுதும்போதோ கொம்பு முன்னால் வருகிறது, எழுத்து நடுவில், கால் கடைசியில். ஒலி வரிசையும் எழுத்து வரிசையும் முட்டிக்கொள்கின்றன. நினைவு பலவீனமான பிள்ளை கொம்பையும் எழுத்தையும் போட்டு முடிக்கும்போது கால் மறந்து போயிருக்கும்.

"பம்பரம்" என்ற சொல்லில் முதல் பகரத்தின் ஒலி வேறு, இரண்டாவதின் ஒலி வேறு. "காகம்" என்பதிலும் அப்படித்தான். ஓர் எழுத்துக்கு இடத்தைப் பொறுத்துப் பல ஒலி என்பதை மற்றப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வாய் திறந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி எழுதுவதைப் பெற்றோர் பெரிய அறிகுறியாக நினைக்கிறார்கள். ஏழு வயதுவரை அது சாதாரணம், அதன் பிறகும் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. தமிழில் பெரிய அறிகுறி வேகம். ஒலியும் எழுத்தும் ஓரளவு ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை காலப்போக்கில் சரியாக வாசிக்கப் பழகிவிடும். ஆனால் இழுத்து இழுத்து வாசிக்கும். தரம் 6இல் பிழையில்லாமல், நத்தை வேகத்தில் வாசிக்கும் பிள்ளையைச் "சோம்பேறி" என்று ஒதுக்குவது அடிக்கடி நடக்கிறது.

ஒரே நாளில் கிடைத்த தாளை வைத்து முடிவு கட்டக் கூடாது. குறிவைத்த உதவி கொடுத்தும் குறைந்தது 6 மாதம் இடர் நீடிக்க வேண்டும் என்று அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வகைப்பாடு சொல்கிறது. கற்பித்துப் பார்ப்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதி என்பதால்தான் ஆசிரியரும் மதிப்பீட்டாளரும் ஒரே ஆளாக இருப்பது நல்லது.

கற்பிக்கும் முறை

1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஓர்டன், அன்னா கில்லிங்காம் ஆகியோர் வகுத்த வழிதான் இன்றும் அடித்தளம்: ஒழுங்கான வரிசை, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குதல், கண், காது, வாய், கை நான்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துதல். தமிழில் வரிசையை நாமே தீர்மானிக்க வேண்டும். அ, ஆ, இ என்று 12 உயிரையும் முடித்துவிட்டு மெய்க்குப் போவதில் ஒரு சங்கடம்: இரண்டு மாதம் போனாலும் வாசிக்கச் சொற்கள் சேராது.

ப, ட, ம, க என்ற 4 எழுத்தோடும் ஒரு புள்ளியோடும் தொடங்கிப் பாருங்கள். படம், மடம், பட்டம், கட்டம், பக்கம், கடகம்: முதல் வாரத்திலேயே 6 சொல். அடுத்தது கால். படம்–பாடம், மடம்–மாடம் என்று இணை இணையாகக் கொடுத்தால் குறில் நெடில் காதிலும் கையிலும் சேர்ந்து பதியும். பிறகு இகர, ஈகாரம்.

உகரத்தில் பிள்ளைகள் கும்பலாகச் சறுக்குவார்கள், ஏனென்றால் அதற்கு ஒரே குறி கிடையாது. அதை 3 குடும்பமாகப் பிரிக்கலாம். கீழே நேராகக் கோடு இறங்குபவை ஙு, சு, பு, யு, வு. வளைந்து சுற்றுபவை கு, டு, மு, ரு, ழு, ளு. அடியில் ஓடி வலப்பக்கம் மேலே எழுபவை ஞு, ணு, து, நு, லு, று, னு. ஐந்தும் ஆறும் ஏழும் பதினெட்டு. ஒரு கிழமைக்கு ஒரு குடும்பம், அதிலும் சொல்லில் வருபவை மட்டும். ஙுவைத் தேடி அலைய வேண்டாம். கொம்பு வருபவை அதன் பிறகு, கொம்பும் காலும் சேர்பவை கடைசி. "கொ" எழுதும்போது பிள்ளை வாய்விட்டு "கொம்பு, க, கால், கொ" என்று சொல்லிக்கொண்டே எழுத வேண்டும்.

ஒரு பாடம் 30 முதல் 40 நிமிடம், கிழமைக்கு 4 நாள். சனிக்கிழமை 3 மணி நேரம் உட்கார்த்தி வைப்பதில் பயன் குறைவு. பழைய எழுத்து அட்டைகளை 5 நிமிடம் புரட்டிய பிறகு புதிய எழுத்து ஒன்று. ஒரு சுளகில் காய்ந்த மெல்லிய கடல் மணலை ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்பி, விரலால் உள்ளங்கை அளவில் எழுதி, எழுதும்போதே ஒலியைச் சொல்ல வேண்டும். ஈர மணல் விரலில் ஒட்டி உருவத்தைக் கெடுக்கும். அசைகளை எண்ணுவதற்குச் சோகியோ புளியங்கொட்டையோ போதும். குண்டுமணி அழகாக இருக்கும், ஆனால் நஞ்சு. சின்னப் பிள்ளை இருக்கும் மேசைக்கு அதைக் கொண்டுவர வேண்டாம். பிறகு அந்த எழுத்து வரும் சொற்களை வாசித்தல், அதே சொற்களைச் சொல்வதெழுதுதல், கற்ற எழுத்துகளால் மட்டும் ஆன 4, 5 வரி.

எப்போது அடுத்த எழுத்துக்குப் போகலாம்? 10 அட்டையில் 9 சரி, தொடர்ந்து 3 நாள். பெரும்பாலான தோல்வி இந்த இடத்தில்தான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, பாடத்திட்டம் ஓடுகிறது என்று 6 சரியானதுமே அடுத்ததற்குத் தாவுகிறார்கள். மூன்று கிழமை கழித்துப் பழையதும் போயிருக்கும், புதியதும் ஏறியிருக்காது. பிழையான சொல்லைப் பத்துத் தடவை எழுத வைப்பதும் இதே வகைக் கேடு. நாலாம் தடவையிலிருந்து பிள்ளை சொல்லாக எழுதாது. முதல் எழுத்தைப் பத்து வரியிலும் மேலிருந்து கீழே எழுதி, பிறகு இரண்டாம் எழுத்துக்கு வரும். கொப்பியைப் பார்த்தாலே தெரியும்.

அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்? எந்தக் கண்ணி அறுகிறது, அதற்கு என்ன ஆதாரம், திங்கட்கிழமை வகுப்பாசிரியர் என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்ற மூன்றும் பெற்றோர் வாசிக்கும் தமிழில் இருக்க வேண்டும். எல்லார் முன்னாலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக அச்சிட்ட தாள் கொடுங்கள் என்ற அளவுக்கு விபரமாக. சாதாரண தரப் பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற ஏற்பாடு கேட்பதென்றால் அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். விண்ணப்பம் கோரும் வாரத்தில் மதிப்பீட்டைத் தொடங்கினால் எதுவும் நடக்காது.

முன்னேற்றத்தை அளக்க, கிழமைக்கு ஒரு நாள் புதிய பந்தியை ஒரு நிமிடம் வாசிக்கவிட்டுச் சரியாக வாசித்ததை எண்ணுங்கள். தமிழில் சொற்களை எண்ணுவது ஏமாற்றும். "மீன்" ஒரு சொல், "வந்துகொண்டிருந்தார்களாம்" என்பதும் ஒரு சொல், ஆனால் அதில் 13 எழுத்து. எழுத்துகளை எண்ணி, சதுரக் கோட்டுத் தாளில் புள்ளி வைத்து இணைத்துக்கொண்டு போங்கள். ஒரு கிழமை இறங்குவது ஒன்றுமில்லை. நாலு கிழமை தட்டையாகக் கிடந்தால், புதிய எழுத்தை நிறுத்திவிட்டுப் பின்னால் எந்த எழுத்து ஆடுகிறது என்று தேட வேண்டும். மாரி காலத்தில், கார்த்திகை மார்கழியில் கோடு திடீரென்று விழுந்தால், பாடத்தை மாற்றும் முன் பிள்ளைக்குத் தடிமன் பிடித்துக் காது அடைத்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள்.